தேரி மணலில் பருத்த டயர் சைக்கிள்

தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு சிமென்ட் திண்டு. அதைத் தாண்டினால் தேரி.

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், உடன்குடி பக்கமும், திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளை பக்கமும் போனவர்களுக்கு இந்தச் செம்மணல் மேடுகளைத் தெரிந்திருக்கும். மணல் பருக்கைகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. ஆனி, ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. கால் வைத்தால் கணுக்கால் புதையும். இந்த மணலில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால், நாலு பனை, ஓர் ஆழ்துளைக் கிணறு, இரண்டு ஏக்கர் முருங்கை. ஊருக்கே அண்ணாச்சியாக இருக்கும் ஒரு விவசாயியின் விளை அது. அவருக்கு வயது 64. அவர் அண்ணாச்சி என்பதால் அவர் மனைவி ஊருக்கு மதினி.

முருங்கைக்கு மணல் ஒத்துக்கொள்ளும். ஆனால், மணலுக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த தண்ணீரைப் பிடித்து வைக்காது. கரிசலில் ஒரு தடவை பாய்ச்சிவிட்டு நாலைந்து நாள் வேறு வேலை பார்க்கலாம். தேரியில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, காற்றில் மணல் மூடிவிட்டதா, கம்பளிப்பூச்சி இறங்கியிருக்கிறதா, காய் ஈ விழுந்திருக்கிறதா என்று தினமும் ஒரு கண் பார்த்தாக வேண்டும். பார்க்காத பயிரும் பாழ், கேட்காத கடனும் பாழ் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

விற்றுவிடலாமா?

அண்ணாச்சிக்கு மூட்டுவலி. வேப்பமரத்தடியிலிருந்து விளைக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆகும். மணலில் ஓர் அடி எடுத்து வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கும். மொபெட் வாங்கிப் பார்த்தார்; பின் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. பழைய சைக்கிள் இருந்தது. அதை ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். காய் குவியும் மாதங்களில் டிராக்டர் வாடகைக்கு வரும். மற்ற மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் 50 கிலோ காய்க்கு யாரும் டிராக்டரை மணலில் இறக்க மாட்டார்கள். அந்த மாதங்களில்தான் முருங்கைக்கு விலையும் இருக்கும்.

அப்போது என்ன செய்வது? பாதிக் காயைச் சைக்கிளில் கட்டி அண்ணாச்சி தள்ளுவார். மீதிக் காய் மதினி தலையில்.

முழங்கால் வலி கூடக் கூட விளைக்குப் போகாத நாட்களும் கூடின. வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனது மூன்று நாளானது. ஒரு சித்திரையில் சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்திருந்தது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைசி வரிசையில் 18 மரங்கள் இலை கொட்டி நின்றன. அதே மாதம் ஒரு தரகர் வந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் தேரியில் மொத்தமாக இடம் பார்க்கிறார், நல்ல விலை தருவார் என்றார்.

“தை பொறக்கட்டும், சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. முடியாது என்று அவர் சொல்லவில்லை. மதினி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அட்டைப் பெட்டியில் வந்த சைக்கிள்

இது சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குத் தெரியவந்தது. கடற்கரைப் பக்கம் காலையில் சில இளைஞர்கள் ஒரு புதுமாதிரி சைக்கிள் ஓட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். டயர் மட்டும் நாலு அங்குல அகலம். மோட்டார் சைக்கிள் டயர்போல் இருக்கும். பின் சக்கரத்தின் நடுவில் சிறிய மின் மோட்டார், நடுக் குழாயில் பேட்டரி. மணலிலும் ஓடுகிறது. விடுமுறைக்கு மலை ஏறுகிறவர்களுக்கும் காட்டுப்பாதையில் சுற்றுகிறவர்களுக்கும் என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். மகன் தவணை போட்டு ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டான். விலை நாற்பதாயிரத்துக்கு மேல்.

ஆனி மாதம் பெரிய அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் மேல் பனிமலையில் ஒருவன் தாவிக்கொண்டு போகும் படம்.

“என்னலே இது? கறவ மாடு ஒண்ணு வாங்குத காசு! வெளாட்டுச் சாமான வாங்கி அனுப்பியிருக்க” என்று போனில் சத்தம் போட்டார் அண்ணாச்சி.

“ஒரு வாட்டி ஓட்டிப் பாருங்கப்பா. பிடிக்கலன்னா நான் வந்து எடுத்துக்கிடுதேன்.”

மறுநாள் காலையில் வேப்பமரத்தடி வரை ஓட்டிப் போனார். தாரில் ஜம்மென்று போனது. மணலில் இறங்கியதும் முன்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, பின்சக்கரம் சுழன்றது, அண்ணாச்சி விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால், திண்டில் உட்கார்ந்திருந்த நாலு பேர் பார்த்துவிட்டார்கள். சைக்கிள் அன்றே தொழுவத்துக்குப் போனது. ஒரு மாதம் அதன் மேல் சாக்கு காய்ந்தது.

தப்பு மோட்டாரில் இல்லை, காற்றில்

ஆடி மாதம் பழைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்த கடைக்காரர் தொழுவத்தில் கிடந்ததைப் பார்த்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். கல்லுபோல் இருந்தது.

“அண்ணாச்சி, எத்தன பவுண்டு காத்து அடிச்சிய?”

“வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு.”

“அதான பாத்தேன். தாருக்கு அடிச்ச காத்து இது. மணலுக்கு இத்தன எதுக்கு?”

வால்வைத் திறந்து காற்றை விட்டார். அளவு பார்க்கும் கருவியில் 8 பவுண்டு காட்டும் வரை விட்டார். டயர் லேசாக வயிறு பிதுங்கி நின்றது. இப்போது ஓட்டுங்கள் என்றார். அண்ணாச்சி மனசில்லாமல்தான் ஏறினார். சைக்கிள் மணல் மேல் மெத்தையில் உருள்வதுபோல் உருண்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சாதாரண சைக்கிள் டயருக்கு 40 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டும். சைக்கிள், ஆள், சுமை எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 பவுண்டு காற்றில் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 43 சதுர சென்டிமீட்டர். மூன்று தீப்பெட்டி பரப்பில்கூட அந்தப் பரப்பு அடங்கிவிடும். அத்தனை எடையும் அந்தச் சின்ன இடத்தில் அமுக்கினால் மணல் தாங்காது; புதையும். அதே 120 கிலோ, 8 பவுண்டு காற்றில் ஏறத்தாழ 215 சதுர சென்டிமீட்டரில் பரவும். ஒரே எடை, ஐந்து மடங்கு இடம். ஆனால், 8 பவுண்டு காற்றில் மெல்லிய டயரை ஓட்டினால் ரிம் தரையில் இடிக்கும். டயர் பருத்திருப்பதே குறைந்த காற்றில் ஓடத்தான். காற்றை முழுசாக அடித்துவிட்டால் பருத்த டயர் இருந்தும் பயன் இல்லை.

ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிவதும், வெயிலில் தேரியைக் கடக்க அந்தக் காலத்தில் பனைமட்டையைச் செருப்பாகக் கட்டிக்கொண்டு நடந்ததும் இதே கணக்குதான். கடைக்காரர் இதைச் சொன்னபோது அண்ணாச்சிக்கு உடனே பிடிபட்டது. பனைமட்டைச் செருப்பில் நடந்தவர்தானே அவர்!

பருத்த டயர் சைக்கிளும் இப்படி ஒரு தேவையில் பிறந்ததுதான். 1980-களில் அமெரிக்காவின் அலாஸ்காவில் பனிப்பாதையில் சைக்கிள் ஓட்டியவர்கள், சக்கரம் புதையாமல் இருக்க ரிம்களைச் சேர்த்துப் பற்றவைத்து அகலப்படுத்திப் பார்த்தார்கள். நியூ மெக்சிகோ பக்கம் மணல் மேடுகளில் ஓட்டுவதற்காக இன்னொருவர் தனியாக அகல ரிம்மும் டயரும் செய்தார். பனியும் மணலும் கேட்டது ஒன்றுதான். 2005-ல் சர்லி என்ற அமெரிக்க நிறுவனம் இந்த மாதிரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது அதற்குப் பிறகு.

இன்னும் பின்னால் போனால், காற்றடைத்த டயரை 1888-ல் பிரபலமாக்கிய ஜான் பாய்ட் டன்லப், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு, குதிரை வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர். தன் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்லில் அதிராமல் ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார். டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் போய் காற்று டயர் வந்தது 1932 வாக்கில். அப்போதும், ‘ரப்பர் சக்கரம் உழவுக்குத் தாங்குமா?’ என்று அமெரிக்க விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள்.

அண்ணாச்சியின் அப்பா இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கர வண்டியை விட்டுவிட்டு டயர் வண்டி வாங்கியபோதும் ஊர் சிரித்ததாம். “ரெண்டு மாசத்துல டயர் வெடிச்சிரும்னு சொன்னாவ. ஆனா, அதே மாடு ரெண்டு மடங்கு பாரம் இழுத்துச்சு” என்று அன்று சாயங்காலம் திண்டில் உட்கார்ந்து சொன்னார் அண்ணாச்சி. முன்பு விழுந்ததைப் பார்த்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளம்பரக் கணக்கும் தேரிக் கணக்கும்

அதன்பிறகு முக்கால் மணி நேரப் பாதை கால் மணி நேரமானது. அண்ணாச்சி தினமும் விளைக்குப் போனார். ஆனால், எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடி நடக்கவில்லை. அந்த அனுபவம் மற்றவர்களுக்கும் உதவும்.

ஒரு தடவை சார்ஜ் செய்தால் 50 கிலோமீட்டர் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அது சமதளத் தார்ச்சாலையில், மிதித்துக்கொண்டே போனால். தேரியில் 15 கிலோமீட்டர் தாண்டவில்லை. அந்த பேட்டரி 36 வோல்ட், 13 ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் 468 வாட்-அவர்; அதாவது அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. மணலில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட்-அவர் வரை இழுத்தது. விளைக்கு இரண்டு நடை போய்வந்தால் 8 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு அது போதும். எந்த பேட்டரி வண்டி வாங்கினாலும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, தன் பாதைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். விற்கிறவர் சொல்லும் கிலோமீட்டர் அவர் ஓட்டிப் பார்த்த பாதைக்கு உரியது.

அண்ணாச்சி செய்த முதல் தப்பு, சுமை. கேரியரில் 25 கிலோ என்று எழுதியிருந்தது. ‘அப்படித்தான் பயந்துபோய் எழுதுவான்’ என்று இரண்டு சாக்கில் 50 கிலோ காயைக் கட்டினார். மணல் மேட்டில் பாதியில் மோட்டார் சூடாகி நின்றுவிட்டது. பின்சக்கரத்தில் மூன்று கம்பி உடைந்தது. அந்த அளவு கம்பி உள்ளூர்க் கடையில் இல்லை. வரவழைக்க 11 நாள் ஆனது.

இரண்டாவது தப்பு, பேட்டரியைத் தகரக் கொட்டகையில் சார்ஜ் போட்டது. மத்தியான வெயிலில் தகரத்தின் கீழ் லித்தியம் பேட்டரியை வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பக்கத்தில் வைக்கோல் வேறு கிடந்தது. ஓடிவந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடக் கூடாது. ஆறவிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில், வைக்கோல், ஓலை, டீசல் எதுவும் பக்கத்தில் இல்லாமல், கூட வந்த சார்ஜரில்தான் போட வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பேட்டரி வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. இப்போது அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில், கண்முன்னால் சார்ஜ் ஏறுகிறது.

மூன்றாவது, முள். தேரியில் உடைமுள்ளுக்குக் குறைவில்லை. பருத்த டயர் என்பதால் பஞ்சர் ஆகாது என்று இல்லை. அதன் ட்யூப் சாதாரண சைக்கிள் கடையில் கிடைக்காததால், இரண்டு ட்யூப் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். கையடக்கப் பம்பு ஒன்றும் சைக்கிளிலேயே இருக்கிறது. மணலில் இறங்கும்போது காற்றைக் குறைக்க வேண்டும். தாரில் தூரம் போவதென்றால் 15, 20 பவுண்டுக்கு ஏற்ற வேண்டும். குறைந்த காற்றில் தாரில் ஓட்டினால் பேட்டரியும் தீரும், டயரும் தேயும்.

யார் தலையில் சுமை?

புரட்டாசியில் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. சுமை 25 கிலோ, வேகம் மெதுவாக, காற்று 8 பவுண்டு. பறிப்பு நாட்களில் அண்ணாச்சி 25 கிலோ காயோடு சைக்கிளில் முன்னால் போவார். மீதி 25 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு மதினி பின்னால் நடந்து வருவார். வேப்பமரத்தடியில் அண்ணாச்சி காத்திருப்பார். இரண்டு கட்டும் சேர்ந்து கமிஷன் கடைக்குப் போகும்.

இதில் எதையோ மறந்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சிக்கும் தோன்றவில்லை. திண்டில் இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் தூசி, புழுதி ஆகாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். காய் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கூலிக்கு ஆள் கேட்டார்கள். பறிக்க வருவார்கள், மணலில் சுமக்க வர மாட்டார்கள்.

“ஒரு மாசத்துக்கு யார்ட்டயாவது விட்டுருவோம். இல்லன்னா அந்தத் தரகருக்கே ஒரு வார்த்த சொல்லிருவோம்” என்றார் அண்ணாச்சி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

மதினி பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்தார். திண்ணையில் இருந்த சைக்கிளை எடுத்தார். சாவி எது, பட்டன் எது என்று மூன்று மாதமாகப் பார்த்து வைத்திருந்தார். சீட்டைக் கீழே இறக்கினார். சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே அண்ணாச்சியின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். பிறந்த ஊரில் மணிக்கு வாடகை கொடுத்துத் தோழிகளோடு சைக்கிள் பழகியவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகு 38 வருடமாக சைக்கிளில் ஏறியதில்லை. ஏறுகிறாயா என்று அவரை யாரும் கேட்டதும் இல்லை.

அன்று இரண்டு நடை வந்தார். ஒவ்வொரு நடைக்கும் 25 கிலோ. இரண்டாவது நடை முடிந்து வேப்பமரத்தடியில் இறங்கியபோது தலையில் சும்மாடு இல்லை. முகத்தைத் துடைக்கத்தான் முந்தானை தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார். “ஏளா, சைக்கிள் ஓட்டத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“நீங்க கேட்டியளா?”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால், அண்ணாச்சி அன்று முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வருடத்துக்கு எத்தனை பறிப்பு, ஒரு பறிப்புக்கு 25 கிலோ, இரண்டு கிலோமீட்டர் மணல், எத்தனை வருடம். மூட்டுவலி தனக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார். மதினியின் கழுத்து எலும்புத் தேய்மானத்துக்குப் போன வருடம் எடுத்த எக்ஸ்ரே, பீரோவின் மேல் மஞ்சள் பையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மகன் அப்பாவின் முழங்காலை நினைத்துத்தான் சைக்கிள் அனுப்பினான். அதில் தப்பில்லை. ஆனால், பண்ணைக்கு ஒரு கருவி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த வேலையை இப்போது யார் செய்கிறார், யார் சுமக்கிறார்?” என்பதுதான். களை எடுப்பது, நாற்று நடுவது, காய் சுமப்பது என்று அதிகம் குனிகிறவர்களும் சுமக்கிறவர்களும் பெண்களாகவே இருக்கிறார்கள். கருவி வாங்கும் பேச்சு மட்டும் ஆண்களுக்குள் முடிந்துபோகிறது. கைப்பிடி உயரமும் சீட்டின் உயரமும் ஆணுக்கு என்றே அமைந்து வருகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு அது ஒரு மூலையில் கிடக்கிறது. வேலை பழையபடி தலையிலேயே நடக்கிறது.

வேப்பமரத்தடி கேள்விகள்

கார்த்திகைக்குள் வேப்பமரத்தடியில் இதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. மதினி பொறுமையாகப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு சைக்கிள் கடைக்காரர் சொன்னார்.

“லைசென்ஸ் வேணுமா மதினி?” என்று ஒருவர் கேட்டார். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் இப்போதுள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வெளிநாட்டு மாதிரிகளில் 750 வாட், 1,000 வாட் என்றெல்லாம் வருகிறது. அமெரிக்காவில் அதற்கு வேறு விதி. இங்கே அதைச் சாலையில் ஓட்டினால் பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடும். பில்லில் மோட்டாரின் வாட் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். உரிமம் தேவையில்லாவிட்டாலும் தலைக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

“தேரிக்குள்ள எங்க வேணும்னாலும் போலாமா?” என்றான் ஒரு பையன். கூடாது. குதிரைமொழித் தேரிபோல காப்புக்காடாக உள்ள பகுதிக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பது அங்கே வளர்ந்திருக்கும் செடியும் கொடியும்தான். டயர் அகலம் என்று அதன் மேல் ஏறிச் சுற்றினால், அடுத்த ஆடிக் காற்றில் அந்த மணல் பக்கத்து விளையில் வந்து விழும். போகிற தடத்திலேயே போக வேண்டும்.

“எங்க கரிசக் காட்டுக்கு ஆவுமா?” என்று விளாத்திகுளம் பக்கமிருந்து பெண் கட்டியவர் கேட்டார். காய்ந்திருக்கும்போது ஓடும். மழை பெய்த கரிசலில் எந்த டயரும் ஓடாது. அகல டயரில் மண் அப்பி, சக்கரமே சுற்றாது. அதுமட்டுமில்லை, ஈரக் கரிசலில் வண்டி இறக்கினால் மண் இறுகிப்போகும். இது டிராக்டருக்கும் பொருந்தும். ஈரம் காயுமுன் உழப் போவதும், சாலையில் ஓட்ட அடித்த காற்றோடே வயலில் இறங்குவதும் அடிமண்ணைக் கெட்டியாக்கும். வேர் இறங்காது, தண்ணீர் இறங்காது. வயலில் எவ்வளவு காற்று போதும் என்று டிராக்டர் கையேட்டிலேயே அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்து வைப்பது செலவில்லாத காரியம்.

“எல்லாரும் வாங்கலாமா?” தார்ச்சாலை ஓரத்திலேயே நிலம் இருப்பவருக்கு இது தேவையில்லை. பழைய சைக்கிளே போதும். டன் கணக்கில் காய் எடுப்பவருக்கும் இது ஆகாது. மணல் பாதை, ஆற்று மணல், பத்து இருபது கிலோ சுமை, தினமும் போய்ப் பார்க்க வேண்டிய பயிர் என்று இருப்பவர்கள் யோசிக்கலாம். அப்போதும் வாங்குமுன், தன் பாதையில், தன் சுமையோடு, வீட்டில் யார் ஓட்டப்போகிறாரோ அவரை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், புது பேட்டரி என்ன விலை, உதிரி பாகம் எந்த ஊரில் கிடைக்கும் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பேட்டரி ஒருநாள் ஓயத்தான் செய்யும். அதற்காக மதினி ஒவ்வொரு பறிப்புக்கும் 50 ரூபாய் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வருகிறார்.

தை பிறந்தது

பொங்கல் முடிந்த நாலாம் நாள் தரகர் வந்தார். அண்ணாச்சியின் கண் சரியாகியிருந்தது. இலை கொட்டிய 18 மரங்களையும் மார்கழியில் கவாத்து செய்திருந்தார்கள். தினமும் தண்ணீர் பார்த்ததில் 15 மரங்கள் துளிர்த்திருந்தன. மூன்று போய்விட்டன. அந்த இடத்தில் பி.கே.எம்-1 விதை ஊன்றியிருந்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, தை பொறந்துட்டே. என்ன முடிவு பண்ணுனிய?” என்றார் தரகர்.

அண்ணாச்சி உடனே பதில் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பினார். “ஏளா, இங்க வா. இவரு கேக்காரு. நீதான் சொல்லணும்.”

முப்பத்தெட்டு வருடத்தில் நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு மதினியைத் திண்ணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மதினி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். திண்ணையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த சைக்கிளைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றி வைத்தார்.

“வெளையை வித்துட்டு இந்த சைக்கிள எங்க கொண்டுபோய் ஓட்ட?” என்றார்.

தரகர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பறிப்பு நாள். விடியுமுன் டயர் காற்றைப் பார்த்து வைத்தது அண்ணாச்சி. ஓட்டிப் போனது மதினி. அவர் பின்னால் மெதுவாக நடந்து போனார், கையில் ஒன்றும் இல்லாமல்.